வென்ட்வேர்த்வில் புளிப்பு

என் பியர் சுத்தமானது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. மெல்பேர்ண் கிரான்பர்னில் எங்கள் வீட்டுக் கராஜில் கார் நிற்பதில்லை. அங்கே பழைய ஃபிரிட்ஜ் ஒன்றுக்குள் இருபத்தைந்து லீட்டர் பிடிக்கும் எவர்சில்வர் தொட்டி ஒன்று நிற்கிறது. கோடையில் ஃபிரிட்ஜ் குளிரூட்டும்; குளிர்காலத்தில் உள்ளே பொருத்திய சின்ன ஹீட்டர் சூடாக்கும். கதவில் ஒட்டிய பெட்டி சிவப்பு எழுத்தில் டிகிரி காட்டும். தொட்டியைத் தொடுமுன் முழங்கை வரை கை கழுவுவேன். குழாய், மூடி, போத்தல் எல்லாவற்றுக்கும் கிருமிநாசினி அடிப்பேன். கிளிநொச்சியில் ஒரு பார்மசியில் ஆறு வருடம் மருந்து கட்டிக் கொடுத்தவன் நான். சுத்தம் என் இரத்தத்தில் ஊறியது. என் மனைவி கஜந்தி இதைக் கேட்டால், "அந்த இரத்தம் பாத்ரூம் கழுவுற நேரம் எங்க போகுது?" என்பாள்.

அப்படிப்பட்ட என் பியர் இந்தக் குளிர்காலத்தில் மூன்று தடவை தொடர்ந்து புளித்துப்போனது.

முதல் தடவை ஈஸ்ட் பழசு என்று நினைத்துப் புதிது வாங்கினேன். இரண்டாம் தடவை ரப்பர் வளையங்களையும் பைப்புகளையும் கழற்றி எறிந்துவிட்டு வேறு போட்டேன். மூன்றாம் தடவை தொட்டியையே அக்கக்காகப் பிரித்து, ஊறவைத்து, கொதிநீர் ஊற்றி, ஒரு ஞாயிற்றுக்கிழமையை முழுதாக அதற்குக் கொடுத்தேன். வடித்தது கோதுமை பியர். எட்டு நாளில் நொதித்து அடங்கியிருக்க வேண்டும். பத்தாம் நாள் குழாயைத் திறந்து அரைக் கிளாஸ் பிடித்து வாயில் வைத்தேன். நாக்கின் இரண்டு பக்கமும் கூசியது.

எரிச்சலில் துப்பத்தான் போனேன். ஆனால் அந்தப் புளிப்பு எனக்குத் தெரிந்த புளிப்பு. முதல் இரண்டு தடவையும் கோபத்தில் ஒரு சொட்டுச் சுவைத்துவிட்டு ஊற்றியிருந்தேன். இந்தத் தடவை வாய் நிறைய இருந்ததால் பிடிபட்டது. பதினொரு வருடத்துக்கு முன் சிட்னியில், வென்ட்வேர்த்வில்லில் குடித்த அதே பியர். கராஜில் தனியாக நின்று அந்த அரைக் கிளாஸையும் குடித்து முடித்தேன். அழுகை வந்தது. அழுதேன்.

அப்போது நாங்கள் மூன்று பேர். நான், லதீஸ், அரியரத்தினம் அண்ணை. மூவரும் அகதிப் படகில் வந்தவர்கள், தடுப்பு முகாமில் பழக்கமானவர்கள். வெளியே விட்டதும் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்தோம். எனக்கும் லதீஸுக்கும் இருபத்தெட்டு வயது. அரியம் அண்ணைக்கு ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது. கையில் இருந்தது, முடிவு வரும்வரை தங்குவதற்கான பிரிட்ஜிங் விசா. வேலை செய்யக்கூடாது என்று அதில் எழுதியே தந்திருந்தார்கள். காலையில் எழும்பினால் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. அரியம் அண்ணை கட்டிலில் சுவரைப் பார்த்தபடி படுத்திருப்பார். பசிக்கவில்லை என்பார். ஊரில் விட்டுவந்த மனைவி பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல் பேசமாட்டார்.

லதீஸ் மட்டும் ஒரு இடத்தில் இருக்கமாட்டான். பக்கத்தில் இருந்த சமூகத் தோட்டத்தில் சம்பளமில்லாமல் மண் கொத்துவான். திரும்பி வரும் வழியில், கவுன்சில்காரர் அள்ளிப்போவதற்காகச் சனங்கள் றோட்டோரம் வைக்கும் பழைய சாமான்களைக் கிண்டுவான். எங்கள் வீட்டுக் கதிரை, மேசை, ரி.வி. எல்லாம் அப்படி வந்தவைதான். ஒருநாள் குழாய் வைத்த வெள்ளை பிளாஸ்ரிக் வாளி ஒன்றையும், அதற்குள் ஒரு பெட்டி வெறும் போத்தல்களையும் தோளில் வைத்துக்கொண்டு வந்தான்.

"என்னடா இது, தண்ணி வாளியோ?" என்றேன்.

"பியர் வாளி மச்சான். மூடியில எழுதியிருக்கு. இனி நாங்கள் முதலாளிமார்."

பரமட்டாவில் இருந்த பியர்ச் சாமான் கடைக்குப் போய், தனக்குத் தெரிந்த நாற்பது ஆங்கிலச் சொற்களையும் கையையும் காலையும் வைத்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்தான். கசப்புக்கு ஹாப்ஸ் பூ சேர்த்துத் தகரத்தில் அடைத்த பார்லி மோல்ட் பாகு, ஒரு பக்கட் ஈஸ்ட், சீனி, தண்ணீர். கலக்கி மூடி வைத்தால் மீதியை ஈஸ்ட் பார்த்துக்கொள்ளும். ஒரு தகரத்துக்கு ஒரு வாளி என்று கடைக்காரன் சொல்ல, நாங்கள் சீனியைக் கூட்டிப் போட்டு ஒரு தகரத்தை இரண்டு வாளிக்கு இழுத்தோம்.

மூடியில் செருகிய வளைந்த குழாய்க்குள் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். உள்ளே நொதிக்க நொதிக்கக் காற்று அதன் வழியாக 'பிளக்' என்று வெளியேறும். அந்த வீட்டில் எங்களுக்கு அதுதான் நாடகம், அதுதான் கிரிக்கெட். வாளிக்கு முன்னால் மூன்று கதிரையைப் போட்டுக்கொண்டு இருப்போம். இரண்டாம் நாள் அரியம் அண்ணை கட்டிலை விட்டு எழும்பி வந்து, மணிக்கூட்டைப் பார்த்து, நிமிடத்துக்கு எத்தனை குமிழி என்று எண்ணத் தொடங்கினார். "பதினெட்டு" என்று அறிவிப்பார். அடுத்த நாள், "இருபத்தொண்டு. ஆள் நல்ல உசாரா நிக்கிறார்." வாளியை அவர் 'ஆள்' என்றுதான் சொல்வார். முதல் போத்தலை உடைத்த மத்தியானம் அவர் தன் இரண்டு பிள்ளைகளின் பெயரையும் முதன்முதலாக எங்களிடம் சொன்னார். லதீஸ் சிரித்தால் பக்கத்து வீட்டு நாய் குரைக்கும். அன்று அது ஓயவே இல்லை. அதற்குப் பிறகு எவ்வளவோ நல்ல பியர் குடித்துவிட்டேன். அந்த மத்தியானம் மாதிரி ஒன்று எனக்குக் கிடைக்கவில்லை.

முதல் இரண்டு வாளியும் அப்படி வந்தன. மூன்றாவது புளித்தது. நாலாவதும் புளித்தது. மற்ற இருவரும் ஒன்றும் சொல்லாமல் குடித்தார்கள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. போத்தல்களை அவித்தேன், குழாயைக் கழற்றிக் கழுவினேன், சீனியை மாற்றினேன், தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு ஊற்றினேன். எல்லாவற்றையும் சந்தேகப்பட்டு முடிந்தபின் லதீஸின் கைகளைப் பார்க்கத் தொடங்கினேன். தோட்டத்து மண் அவன் நகத்துக்குள் எப்போதும் இருக்கும். வாளி மூடியைத் திறந்து பார்ப்பவனும் அவன்தான்.

ஓகஸ்ட் மாதம் ஒரு சனிக்கிழமை பக்கத்துத் தெருவில் இருந்த நாலு பெடியள் மட்ச் பார்க்க வந்தார்கள். ஐந்தாவது வாளியை அவர்களுக்கு வார்த்துக் கொடுத்தேன். ஒருவன் முகத்தைச் சுளித்து, "பார்மசிக்காரர் மருந்து கலந்திட்டார் போல" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். லதீஸும் சிரித்தான். எனக்கு முகம் எரிந்தது. அவன் பக்கம் திரும்பிச் சொன்னேன்.

"ஊத்தைக் கையோட வந்து மூடியைத் திறந்தா இப்பிடித்தான். உங்கட ஆக்களுக்குச் சுத்தம் எண்டா என்னெண்டு தெரியுமோ?"

சாதியின் பெயரைச் சொல்லாமலே அதைச் சொல்ல எங்கள் சனத்துக்கு இருக்கும் வழி அந்த 'உங்கட ஆக்கள்'. அங்கிருந்த எல்லாருக்கும் விளங்கியது. ஒன்றரை வருடம் ஒரே பானையில் சாப்பிட்டு, ஒரு ஹீட்டருக்கு முன்னால் படுத்தெழும்பிய பிறகும் அது என் வாய்க்குள் இருந்தது. லதீஸ் தன் கைகளை ஒருமுறை பார்த்தான். பிறகு எழும்பி அறைக்குள் போனான். அந்தக் கிழமையே துங்காபியில் யாரோடோ இருக்கப் போய்விட்டான். நானும் அரியம் அண்ணையும் அதற்குப் பிறகு பியர் வடிக்கவில்லை.

வேலை செய்யும் அனுமதி வந்ததும் லதீஸ் கிரிபித்தில் தோடம்பழம் பிடுங்கப் போனதும், பிறகு மாபிள் பதிக்கும் தொழில் பழகி வென்ட்வேர்த்வில்லுக்கே திரும்பியதும் அரியம் அண்ணை சொல்லித்தான் தெரியும். அண்ணை இப்போது பெர்த்தில் குடும்பத்தோடு இருக்கிறார். நான் மெல்பேர்ணுக்கு வந்தேன், கஜந்தியைக் கட்டினேன், இரவு வேலையில் ஒரு கிட்டங்கியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். பியரை முறையாகப் படித்தேன். ஒவ்வொரு தடவையும் நல்லதாக வந்தபோது மனதுக்குள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்: பார், கை சுத்தமாக இருந்தால் பியர் புளிக்காது. நான் சொன்ன விதம் பிழை, ஆனால் விஷயம் சரி. பதினொரு வருடம் இதை வைத்துக்கொண்டுதான் நிம்மதியாக நித்திரை கொண்டேன்.

புளித்த பியரில் ஒரு போத்தலை சேஷாத்ரியிடம் கொடுத்தேன். சேஷாத்ரி சென்னைக்காரர், எங்கள் பியர் கிளப்பில் இருப்பவர், தண்ணீர் பரிசோதிக்கும் லாபில் வேலை. அடுத்த சனிக்கிழமை காலை கராஜுக்கு வந்து, தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"மைக்ராஸ்கோப்ல பாத்தேன். பயப்படாதீங்க, விஷம் எல்லாம் இல்ல. தயிர்லயும் தோசை மாவுலயும் இருக்கிற அதே பாக்டீரியாதான். கோதுமை பியர்ல ஹாப்ஸ் கம்மி இல்லையா, கசப்பு கம்மியா இருந்தா இதுக்குக் கொண்டாட்டம். ஆமா, உங்க வீட்ல மாவு எங்க புளிக்க வைக்கிறீங்க?"

"குசினியிலதான்" என்றேன்.

"இந்தக் குளிர்ல கிச்சன்ல புளிக்குதா? எங்க வீட்ல மாவு அப்படியே கல்லு மாதிரி கிடக்குது."

தேத்தண்ணியோடு வந்த கஜந்தி தட்டைக் கீழே வைத்தாள்.

"குசினியில பதினாலு டிகிரி. இஞ்சை சிவப்பு எழுத்தில இருபத்திரண்டு எண்டு காட்டுது" என்றாள். "மே மாதத்தில இருந்து இந்த ஃபிரிட்ஜுக்குள்ளதான் வைக்கிறனான். இவர் வேலைக்குப் போனாப்பிறகு வைச்சு, வரமுதல் எடுத்துப்போடுவன். சொன்னா விடமாட்டார். ரெண்டு மூண்டு தரம் பொங்கி அந்தக் குழாயில எல்லாம் வடிஞ்சிட்டுது. நான் குசினித் துணியால வடிவாத் துடைச்சு விட்டனான்."

சேஷாத்ரிக்குத் தேத்தண்ணி புரையேறியது. நானும் சிரித்தேன். நான் கிருமிநாசினி அடித்து, முழங்கை வரை கழுவி, வளையம் வளையமாக மாற்றிய குழாயைக் குசினித் துணியால் வடிவாகத் துடைத்து விட்டிருக்கிறாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே பழைய வீடு நினைவுக்கு வந்தது.

வென்ட்வேர்த்வில்லில் தோசைக்கு மாவு அரைத்தவன் நான்.

அந்தக் கிரைண்டரும் றோட்டோரத்தில் கிடைத்ததுதான். அது மே மாதம்தான் வந்தது. முதல் இரண்டு வாளி அதற்கு முன், புளித்தவை எல்லாம் அதற்குப் பின். ஒவ்வொரு சனியும் உழுந்தும் அரிசியும் அரைத்து, உப்புப் போட்டு, கையால்தான் கரைத்து வைக்க வேண்டும், கைச்சூடு பட்டால்தான் மாவு பொங்கும் என்று நான்தான் வியாக்கியானம் செய்வேன். வீட்டில் சூடான இடம் ஹீட்டருக்குப் பக்கத்தில் இருந்த பியர் வாளி. மாவுச் சட்டியை வாளி மூடியின் மேலேயே வைத்து, இரண்டையும் ஒரே கம்பளியால் போர்த்திவிட்டது நான். மாவு கரைத்த கையை வெறும் தண்ணீரில் அலம்பிவிட்டு, நுரைக்காகப் போத்தலுக்குள் ஊற்றும் சீனிப்பாணியைக் கலக்கியதும் நான். ஒரு தகரத்தை இரண்டு வாளிக்கு இழுத்ததில் ஹாப்ஸ் என்று சொல்ல அதில் ஒன்றும் இருந்திருக்காது.

சேஷாத்ரி போனபின் கஜந்திக்கு முழுவதையும் சொன்னேன். லதீஸோடு கோபம் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். அந்தச் சொல்லை நான் அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

"ஏன் எனக்கு இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"வெக்கம்."

"அப்ப எனக்குச் சொல்லி என்ன? அவருக்கெல்லோ சொல்லவேணும்."

அரியம் அண்ணையிடம் லதீஸின் நம்பர் வாங்கிப் பேசினேன். சனிக்கிழமை வரலாமோ என்று கேட்டேன். "வாங்கோ" என்றான் லதீஸ். எதற்கென்று கேட்கவில்லை. விடிய ஐந்து மணிக்குப் புறப்பட்டேன். ஐஸ் பெட்டிக்குள் புளித்த பியர் ஆறு போத்தல். பத்து மணித்தியால ஓட்டம் முழுக்க ஒரே வசனத்தைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அவன் கதவைத் திறக்காமல் விட்டாலும் வாசலில் நின்றே சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன்.

கதவைத் திறந்தான். தலை பாதி நரைத்திருந்தது. விரல்களில் சீமெந்து பட்டு வெடித்த வெடிப்புகள். மனைவி தர்சினி வேலைக்குப் போயிருப்பதாகச் சொல்லி, வீட்டின் பின்பக்கம் கூட்டிப்போய்க் கதிரை போட்டான். "ஸ்டேஷன் ரெயின் சத்தம் பழகிப்போச்சு. வேற இடத்துக்குப் போக மனம் வரேல்லை" என்றான். ஒரு காலத்தில் 'டேய் மச்சான்' என்று கூப்பிட்டவன் இப்போது 'நீங்கள்' என்று பேசியது எனக்குச் சுட்டது. அவனை நீ என்று சொல்வதா நீங்கள் என்று சொல்வதா என்று தெரியாமல் போத்தலை உடைத்து இரண்டு கிளாஸில் வார்த்தேன்.

அவன் ஒரு வாய் குடித்தான். கிளாஸைத் தூக்கிப் பார்த்தான். இன்னொரு வாய் குடித்தான்.

"அதே பியர்" என்றான். முகம் விரிந்தது. "அண்ணை இருந்தா எண்ணத் தொடங்கியிருப்பார்."

"லதீஸ், அது உன்ர கை இல்லை. என்ர தோசை மாவு. சட்டியைக் கொண்டுபோய் வாளிக்கு மேல வைச்சது நான். போன கிழமைதான் தெரிஞ்சது."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"மாவு எண்டு. அப்பவே தெரியும். மூடியைத் திறக்கிறவன் நான்தானே. மாவு வடிஞ்சு விளிம்பில காய்ஞ்சு கிடக்கும். நான்தான் சுரண்டித் துடைக்கிறனான்."

"ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா தோசையை விட்டிருப்பியள். ஞாயிற்றுக்கிழமை தோசையைத் தவிர அண்ணை ஒழுங்கா ஒண்டும் சாப்பிடேல்லை. நான் பாத்துக்கொண்டுதான் இருந்தனான். பியர் புளிச்சா என்ன, குடிக்கலாம்தானே."

அந்த வீட்டில் அரியம் அண்ணையை நான் கவனித்தேன் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். நான் கவனித்தது பியரை.

"மன்னிச்சுக்கொள்" என்றேன். "மாவு எண்டு எனக்குத் தெரியாது. கையாலதான் புளிச்சது எண்டு நினைச்சுத்தான் அப்பிடிச் சொல்லிப்போட்டன்."

பத்து மணித்தியாலம் சொல்லிப் பார்த்த வசனம் அதுதான். அவன் கிளாஸைக் கதிரைக் காலடியில் வைத்தான்.

"ஒண்டு கேக்கிறன்" என்றான். "மாவு இல்லை எண்டு வைப்பம். உண்மையா என்ர கையாலதான் புளிச்சது எண்டு வைப்பம். அப்ப அந்தச் சொல்லு சரியோ?"

குரலை உயர்த்தவில்லை. நான் அவன் முகத்தைப் பார்த்தேன், பிறகு பார்க்க முடியவில்லை. பிழையான ஆளைப் பிடித்துவிட்டேன் என்று சொல்லத்தான் நான் இவ்வளவு தூரம் கார் ஓட்டி வந்திருக்கிறேன். அந்தச் சொல்லுக்கென்று ஒரு வசனமும் கொண்டு வரவில்லை. ஸ்டேஷனில் ஒரு ரெயின் வந்து நின்று போனது.

"இல்லை" என்றேன். "உன்ர கையாயிருந்தாலும் பிழை. அது பியராலை வந்த சொல்லில்லை. எனக்குள்ள முதலே இருந்தது."

அவன் கிளாஸை எடுத்து மிச்சத்தைக் குடித்து முடித்தான். எழும்பி நின்று, குசினிக் கதவைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"சோறும் மீன்குழம்பும் வைச்சனான். எங்கட வீட்டில சாப்பிடுவியளோ?"

வேறு யார் கேட்டாலும் அது உபசாரம். லதீஸ் உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த ஒன்றரை வருடத்தில் ஒரு நாளாவது நான் அவனைச் சமைக்க விட்டதில்லை. கறி நறுக்க வந்தால்கூட, நீ போய் இரடா, நான் பாக்கிறன் என்று அனுப்பிவிடுவேன். அதையும் சுத்தம் என்றுதான் நினைத்திருந்தேன். அவன் அதையெல்லாம் எண்ணி வைத்திருக்கிறான்.

"ஓம்" என்றேன்.

குசினி மேசையில் சோற்றுக் கோப்பையை வைத்து, சோற்றைத் தன் கையாலேயே அள்ளிப் போட்டான். குழம்பை ஊற்றிவிட்டு, சாப்பிடத் தொடங்காமல் எனக்கு முன்னால் இருந்தான். நான் பிசைந்து சாப்பிட்டேன். குழம்பு நல்ல உறைப்பு. கண்ணால் தண்ணீர் வந்ததை அதன் தலையில் போட்டேன். முழுவதையும் சாப்பிட்டு முடித்து, இன்னும் கொஞ்சம் போடச் சொல்லிக் கோப்பையை அவனிடம் நீட்டினேன்.